டே கேர் பார்க்கப் போகிறீர்களா? சாப்பாட்டு நேரத்தில் போங்கள்

குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் காப்பகத்தைப் பார்க்க வருகிற பெற்றோர் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வருவார்கள். அந்த நேரத்தில் எல்லாக் காப்பகமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்திருக்கும், பொம்மைகள் அடுக்கில் இருக்கும், குழந்தைகளும் தெம்பாக இருப்பார்கள். கேமரா இருக்கிறதா, கழிவறை சுத்தமா, வாசல் கதவுக்குப் பூட்டு உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் 14 வருடமாகக் கைக்குழந்தைகளோடும் நான்கு வயது வரையிலான பிள்ளைகளோடும் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

ஏன் என்றால், ஒரு சின்னக் கணக்கு. மூன்று வயதுக் குழந்தை மதியத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் தூங்கும். மீதி 12 மணி நேரம் விழித்திருக்கும். காலை எட்டரைக்கு விட்டுவிட்டு மாலை ஐந்தரைக்கு அழைத்துப் போனால், நடுவில் ஒன்றரை மணி நேரத் தூக்கம் போக, ஏழரை மணி நேரம் அந்தக் குழந்தை எங்களிடம் விழித்திருக்கிறது. வீட்டில் நாலரை மணி நேரம். மதியச் சாப்பாடும் இரண்டு சிற்றுணவும் எங்களிடம். ஓடுவதும் உட்காருவதும் தண்ணீர் குடிப்பதும் பாதிக்கு மேல் எங்களிடம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

டே கேரில் விட்டால் எடை கூடிவிடுமா?

அம்மாக்கள் இதைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்பார்கள். எங்கேயோ படித்திருப்பார்கள், அதோடு வேலைக்குப் போகிற குற்ற உணர்ச்சியும் சேர்ந்திருக்கும். ஆய்வுகள் இதில் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. கனடாவின் கியூபெக் மாகாணக் குழந்தைகளை 10 வயது வரை பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடம் அதிக எடை கூடுதலாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'ஹெட் ஸ்டார்ட்' என்கிற அரசு முன்பள்ளித் திட்டத்தைப் பற்றி 2015இல் வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அதிக எடையோடு சேர்ந்த குழந்தைகள், திட்டத்தில் இல்லாத மற்றவர்களைவிட நன்றாகவே ஆரோக்கியமான எடைக்குப் பக்கத்தில் வந்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு.

இவையெல்லாம் தொடர்பைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்லவில்லை. நீண்ட நேரம் காப்பகத்தில் இருக்கிற குழந்தையின் வீட்டில் பெற்றோரின் வேலை நேரம், வருமானம், இரவுத் தூக்கம் எல்லாமே வேறு மாதிரி இருக்கலாம். எதனால் எது வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் 'விடலாமா, வேண்டாமா' என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஏழரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கைக்குழந்தை என்றால்: பாட்டிலில் மிச்சம் இருந்தால் என்ன செய்வார்கள்?

இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். "குடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிடுவோம்" என்று சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. "போதும் என்று காட்டினால் நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவோம்" என்று சொன்னால் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கைக்குழந்தைக்குத் தன் வயிறு நன்றாகத் தெரியும். பசித்தால் கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் தேடும், வாயைத் திறக்கும். அழுகை கடைசியில் வருவது. நிறைந்துவிட்டால் உறிஞ்சுவது மெதுவாகும், உதட்டை மூடும், முகத்தைத் திருப்பும், இறுகியிருந்த கைவிரல்கள் தளரும். பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுப் போனால் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. மூச்சுத் திணறும் ஆபத்து வேறு. தூக்கி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அழும்போதெல்லாம் பாட்டில் என்பதும் கூடாது. தூக்கம், ஈரத் துணி, சலிப்பு, மடி தேடுவது என்று அழுவதற்கு எத்தனையோ காரணம் உண்டு. எல்லா அழுகைக்கும் பாலையே பதிலாகக் கொடுத்தால், மனது சரியில்லாத போதெல்லாம் வாயில் ஏதாவது வேண்டும் என்று குழந்தை பழகிப்போகும்.

தாய்ப்பாலைப் பிழிந்து கொடுத்தனுப்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 180 மில்லியை ஒரே பாட்டிலில் அனுப்பாதீர்கள். 60 மில்லியாக மூன்றில் அனுப்புங்கள். குழந்தை வாய் வைத்த தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். ஒரு அம்மா கஷ்டப்பட்டு எடுத்த பாலைக் கொட்ட எங்களுக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தில்தான் "இன்னும் கொஞ்சம்தானே" என்று திணிப்பது நடக்கிறது. சின்ன பாட்டிலாக இருந்தால் அந்தச் சிக்கலே வருவதில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு மற்ற உணவுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலையின் நெருக்கடியில் இதைக் காப்பாற்ற முடியாதவர்கள் உண்டு. புட்டிப்பால் கொடுப்பவர்களுக்கும் மேலே சொன்ன அடையாளங்கள் அப்படியே பொருந்தும்.

ஒரு வயதுக்கு மேல்: "சாப்பிடவே மாட்டேங்கிறான்"

ஒன்று முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். முதல் வருடத்தில் குழந்தையின் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுவதிலும் கூடுவது சுமார் இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, அதோடு பசியும் குறைகிறது. ஒரு வயதில் கொழுகொழுவென்று இருந்தவன் மூன்று வயதில் மெலிந்து தெரிவான். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பிஎம்ஐ ஒரு வயதுக்குப் பிறகு இறங்கி, ஐந்து ஆறு வயதுவாக்கில்தான் மறுபடி ஏறத் தொடங்கும். இந்த ஏற்றம் சீக்கிரமே தொடங்கிய குழந்தைகள் பிற்பாடு அதிக எடையோடு இருந்ததை பிரான்சில் ரோலாண்ட்-காஷெரா என்ற ஆய்வாளரின் குழுவினர் 1984லேயே காட்டினார்கள். ஆக, இயல்பாக மெலிய வேண்டிய வயதில் மெலிகிற பிள்ளையைப் பார்த்துப் பயந்துபோய், நாம் திணிக்க ஆரம்பிக்கிறோம்.

நானும் திணித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டைக் காலி செய்தவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டும் ஒரு அட்டையைச் சுவரில் மாட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்ப்போம். ஒரு நாள் நான்கு வயதுப் பெண் குழந்தை, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனாள். "வயிறு வலிக்குது, ஆனா ஸ்டார் வேணும்" என்றாள். அன்று மாலையே அட்டையைக் கழற்றிவிட்டேன். அவளுடைய வயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் பார்பரா ரோல்ஸ், லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் 2000ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிப் படித்தேன். மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் தட்டில் எவ்வளவு வைத்தாலும் அவர்கள் சாப்பிட்ட அளவு பெரிதாக மாறவில்லை. ஐந்து வயதுக் குழந்தைகளோ, தட்டில் அதிகம் இருந்தால் அதிகம் சாப்பிட்டார்கள். இந்த இரண்டு வயது இடைவெளியில் வயிறு சொல்வதை விட்டுவிட்டுத் தட்டு சொல்வதைக் கேட்கப் பழகுகிறார்கள். டே கேரில் இருக்கிற வயதும் சரியாக அதுதான்.

இப்போது எங்கள் மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். வீட்டிலும் இப்படியே செய்யலாம், காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது இதையே தேடலாம்.

தட்டும் கரண்டியும் சின்னவை. பெரிய கிண்ணத்திலிருந்து பிள்ளைகளே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சிந்தும், சிந்தட்டும். ஒரு துணியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், துடைப்பதும் அவர்களேதான். முதலில் கொஞ்சமாக எடுக்க வேண்டும், வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நானும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறேன். நின்றுகொண்டு மேற்பார்வை பார்ப்பதற்கும் உட்கார்ந்து கூடச் சாப்பிடுவதற்கும் பிள்ளைகளுக்கு நன்றாகவே வித்தியாசம் தெரியும். "இன்னும் ரெண்டு வாய்" என்று சொல்வதில்லை. "வயிறு என்ன சொல்லுது?" என்று கேட்போம். "போதும்" என்றால் எழுந்துவிடலாம். எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். எங்கள் அறையில் சண்டை குறைந்ததற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

ஆனால் 'எப்போது' என்பதில் உறுதியாக இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கையில் பிஸ்கட்டோடு திரிகிற குழந்தைக்குப் பசி என்றால் என்ன, நிறைவு என்றால் என்ன என்று தெரியவே வழியில்லை. இரண்டு அல்லது மூன்று மணி நேர இடைவெளி, நடுவில் தண்ணீர் மட்டும்.

காய்கறிக்கு லஞ்சம் கொடுக்காதீர்கள். "கேரட்டைத் தின்றால் சாக்லேட்" என்றால், கேரட் ஒரு தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். பொறுமைதான் வழி. புதிய உணவு பிடிப்பதற்கு எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை துப்பியதும் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எங்களிடம் ஒரு இரண்டரை வயதுப் பையன் பீட்ரூட்டைப் பத்து முறை தட்டின் விளிம்புக்குத் தள்ளினான். யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினோராவது முறை, பக்கத்தில் இருந்த பெண் தன் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டியதும், தானும் ஒரு துண்டைக் கடித்துவிட்டு நாக்கை நீட்டினான். காப்பகத்தின் பலமே இந்தக் கூட்டாளிகள்தான். தனக்குப் பிடிக்காத காயை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு சில நாள் உட்கார்ந்தால் குழந்தையின் விருப்பம் மாறுவதை லியான் பர்ச் 1980லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார். வீட்டில் ஒற்றைக் குழந்தைக்குக் கிடைக்காத உதவி இது.

குடிப்பதில் விதி எளியது. தண்ணீர், அளவான பால். ஜூஸ் ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம். ஒன்று முதல் மூன்று வயது வரை கொடுத்தாலும், சர்க்கரை சேர்க்காத பழச்சாறு ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது. பழமாகவே கொடுத்துவிடலாம். தண்ணீர்க் குவளை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்றால் பாதிப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

அப்புறம் பிறந்தநாள். ஒரு அறையில் 20 பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 20 கேக். கூடவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை இனிப்பு. நாங்கள் பெற்றோரிடம் பேசி மாற்றினோம். பிறந்தநாள் பிள்ளை அன்றைக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும், எல்லோரும் அதை ஆடுவோம். கேக் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

ஓட்டமும் தூக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காகவே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு. மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான ஓட்டம். இன்னும் நடக்காத குழந்தையை விழித்திருக்கும்போது பல தடவையாக மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைத்து விளையாட விட வேண்டும். நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

காப்பகத்தில் கேட்க வேண்டியது, "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" டிவி போடுவோம் என்று வந்தால் யோசியுங்கள். மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தவழ்வது, குதிப்பது, பாட்டுக்கு ஆடுவது என்று வந்தால் நிம்மதி. சேட்டை செய்தால் வெளியே விட மாட்டோம் என்று தண்டனை கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓட வேண்டிய பிள்ளைதான் சேட்டை செய்கிறது, அதன் ஓட்டத்தையே பிடுங்கினால் எப்படி?

பெற்றோர் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. புதுச் சட்டையும் வழுக்குகிற செருப்பும் போட்டு அனுப்பினால், அழுக்காகிவிடுமோ, விழுந்துவிடுமோ என்று நாங்கள் அந்தப் பிள்ளையை மண்ணில் விடத் தயங்குவோம். அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடுப்பு, காலைக் கவ்விப் பிடிக்கிற ஷூ, மாற்றுத் துணி ஒன்று. "அழுக்காகட்டும்" என்று வாயால் சொல்லியும் விடுங்கள். எங்களுக்கு அது பெரிய அனுமதி.

தூக்கத்தை எடையோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. குறைவாகத் தூங்கும் குழந்தைகளிடம் அதிக எடை கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. மதியத் தூக்கமும் இதில் சேர்த்தி. 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சேர்ந்து உட்கார்ந்து இரவுச் சாப்பாடு, போதுமான இரவுத் தூக்கம், அளவான டிவி, இந்த மூன்றும் இருந்த வீடுகளின் நான்கு வயதுப் பிள்ளைகளிடம், மூன்றுமே இல்லாத வீடுகளைவிட உடல் பருமன் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. காசு செலவில்லாத மூன்று விஷயங்கள்.

எடை விஷயத்தில் சந்தேகம் வந்தால்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். மருத்துவரிடம் வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடை, அட்டையில் +2 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +3ஐத் தாண்டினால் பருமன். ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம், பல மாதங்களில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அப்படியே அதிக எடை என்று தெரிந்தாலும் நீங்களாகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், அது மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டியது. குழந்தையின் காதுபட "குண்டு" என்று, செல்லமாகக்கூட, சொல்லாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது உறைக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

மாலையில், வாசலில்

சாப்பாட்டு ஒழுங்கு கெட்டுப்போவது அதிகமும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். நாலரைக்கு எங்களிடம் பழம் சாப்பிட்டிருப்பான். ஐந்தரைக்கு அழைத்துப் போக வருகிறவர் கையில் பிஸ்கட் பாக்கெட். நாள் முழுக்கப் பிரிந்திருந்த ஏக்கம், அதில் என்ன தவறு? ஆனால் ஏழரைக்கு இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்பான். வயிறு காலியாகப் படுக்கிறானே என்று ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால், இனிப்பு சேர்த்து. மறுநாள் காலை பசி இருக்காது. தினமும் பேரனுக்குச் சட்டைப் பையில் பிஸ்கட் கொண்டுவந்த ஒரு தாத்தாவிடம், "அதற்குப் பதிலாகப் பத்து நிமிடம் இங்கேயே அவனோடு பந்து விளையாடிவிட்டுப் போங்களேன்" என்று கேட்டேன். இரண்டு நாள் பையன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். மூன்றாவது நாள் தாத்தாவைப் பார்த்ததும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் தூங்கினான், வெளியே விளையாடினானா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் காலையில் இரண்டு வரி எழுதுங்கள்: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான். அவ்வளவு போதும்.

வாசலில் எங்களிடம் "எல்லாத்தையும் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி தினமும் வருகிறது என்று தெரிந்தால், 'ஆமாம்' என்று சொல்வதற்காகவே மதியம் யாராவது ஒருவர் உங்கள் குழந்தையின் வாயில் அந்தக் கடைசி இரண்டு ஸ்பூனைத் திணிப்பார்கள். உங்களை மகிழ்ச்சியாக அனுப்ப வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில்தான் திணிப்பார்கள். "இன்னைக்கு என்ன புதுசா ருசி பார்த்தான்? எங்கே ஓடினான்?" என்று கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து நாங்கள் அதைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவோம்.